டேட்டாபேஸை நம்பி ஓடும் மெயில் சர்வர்: எங்கே தாமதமாகிறது, எப்படிச் சரிசெய்வது

ஒரு மெயில் சர்வர் டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறது என்றால் அது இரண்டில் ஒரு வகையாக இருக்கும். முதல் வகையில் டேட்டாபேஸில் இருப்பது கணக்கு விவரம் மட்டும்தான்: எந்த டொமைன் நம்முடையது, எந்தப் பயனருக்கு என்ன பாஸ்வேர்ட், எந்த முகவரிக்கு வரும் மெயிலை யாருக்குத் திருப்பிவிட வேண்டும். மெயில்கள் டிஸ்கில் கோப்புகளாகவே இருக்கும். மெயிலை வாங்கி அனுப்பும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டியைப் பயனருக்குத் திறந்து காட்டும் டவ்காட் இரண்டையும் மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸோடு இணைத்து ஓட்டும் சர்வர்கள் பெரும்பாலும் இப்படித்தான். இரண்டாம் வகையில் மெயிலே டேட்டாபேஸுக்குள் போய்விடும், இணைப்புக் கோப்புகள் உட்பட. டிபிமெயில் என்ற மென்பொருள் இந்த வகை.

'மெயில் மெதுவாக இருக்கிறது' என்ற புகார் இரண்டிலும் ஒரே மாதிரிதான் வரும். ஆனால் காரணம் ஒன்றல்ல. முதல் வகையில் டேபிள்கள் சிறியவை, டேட்டாபேஸிடம் கேட்கப்படும் கேள்விகள், அதாவது குவெரிகள்தான் அளவுக்கு அதிகம். இரண்டாம் வகையில் எழுதப்படும் டேட்டாவே மலையளவு. அதனால் முதல் வகை சர்வருக்கு ரேம் வாங்கிப் போடுவது அநேகமாக வீண் செலவு, இரண்டாம் வகைக்கு அதுவே பாதித் தீர்வாக இருக்கலாம். உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

ஒரு மெயிலுக்கு எத்தனை குவெரி

முதல் வகை சர்வருக்கு வெளியிலிருந்து ஒரு மெயில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பெறுநரின் முகவரி சொல்லப்பட்டதும் போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் கேட்பது, இந்த டொமைன் நம்முடையதா என்று. அடுத்து, இந்த முகவரிக்கு மாற்று முகவரி ஏதாவது இருக்கிறதா? முழு முகவரி கிடைக்காவிட்டால், டொமைனுக்கு மொத்தமாக வைத்த மாற்று உண்டா என்று இன்னொரு முறை. முகவரியில் கூட்டல் குறி போட்டு எழுதும் வசதியை இயக்கியிருந்தால் அதற்கும் தனித் தேடல். பிறகு, மெயில் பெட்டி இருக்கிறதா? இதெல்லாம் மெயிலை ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் எஸ்எம்டிபிடி செய்யும் வேலை. ஏற்றுக்கொண்ட பிறகு கிளீனப் என்ற இன்னொரு புராசஸ் மாற்று முகவரிகளை விரிப்பதற்காக அதே டேபிளை மறுபடி கேட்கும். கடைசியில் டவ்காட், இந்தப் பயனரின் பெட்டி எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று கேட்கும்.

ஆக ஒரே ஒரு பெறுநருக்கே அரை டஜனுக்கு மேல் குவெரிகள். பல்க் மெயில் கும்பல் இல்லாத முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும்போதும் ஒவ்வொன்றுக்கும் இந்தத் தேடல்கள் நடக்கும், மெயில் ஒன்றுகூட உள்ளே வராவிட்டாலும்.

இரண்டாம் வகையில் எண்ணிக்கை இன்னும் கூடும். டிபிமெயிலின் 3ஆம் பதிப்பு ஒரு மெயிலை அப்படியே தூக்கி வைப்பதில்லை. உடல், இணைப்பு என்று பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறியீடு) கணக்கிட்டு, அதே பகுதி ஏற்கெனவே இருக்கிறதா என்று தேடும். இல்லையென்றால்தான் எழுதும். ஒரே கோப்பை நூறு பேருக்கு அனுப்பினால் ஒரு பிரதிதான் சேமிப்பாகும் என்பது இதன் லாபம். தலைப்பு வரிகளையும் தனித்தனி டேபிள்களில் பிரித்து எழுதும். ஆகவே ஒரு சாதாரண மெயில்கூடப் பத்துக் கணக்கான இன்சர்ட்களாக, அதாவது எழுதும் குவெரிகளாக, மாறிவிடும்.

முதலில் அளந்து பாருங்கள்

அமைப்புகளில் கை வைக்கும் முன் போஸ்ட்ஃபிக்ஸ் லாகை (நடந்தவற்றைப் பதியும் கோப்பு) திறக்க வேண்டும். ஒவ்வொரு டெலிவரி வரியிலும் 'டிலேஸ்' என்ற பெயரில் சாய்கோடிட்டு நான்கு எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு 0.08/0.01/0.02/6.3. முதல் எண், மெயில் உள்ளே வந்து க்யூ மேலாளரிடம் சேரும்வரை ஆன நேரம். இரண்டாவது, க்யூவில் காத்திருந்த நேரம். மூன்றாவது, அடுத்த சர்வரோடு இணைப்பு ஏற்படுத்த ஆன நேரம். நான்காவது, மெயிலைக் கைமாற்ற ஆன நேரம். எல்லாம் விநாடிக் கணக்கில்.

மேலே உள்ள உதாரணத்தில் மெயில் டிபிமெயிலுக்குப் போகிறது என்றால், டேட்டாபேஸில் எழுதுவதற்குத்தான் 6.3 விநாடி ஆகியிருக்கிறது. முதல் எண் மட்டும் பெரிதாக இருந்தால் டேட்டாபேஸைச் சந்தேகிக்கும் முன் வைரஸ் சோதனையையும் டிஎன்எஸ் (பெயரையும் ஐபி முகவரியையும் இணைக்கும் சேவை) தேடல்களையும் பாருங்கள். இரண்டாவது எண் ஏறினால் க்யூ தேங்குகிறது, அதாவது டெலிவரி புராசஸ்கள் போதவில்லை அல்லது எங்கோ மாட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த ஒரே வரி, பாதி ஊகங்களை ஐந்து நிமிடத்தில் தள்ளுபடி செய்துவிடும்.

அடுத்தது டேட்டாபேஸ் பக்கம். மைஎஸ்கியூஎல்லில் மெதுவான குவெரிகளைப் பதியும் ஸ்லோ குவெரி லாக் இருக்கிறது. ஆனால் 10 விநாடிக்கு மேல் ஆனால்தான் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் இயல்பு அமைப்பு. மெயில் சர்வருக்கு அது ஒன்றுக்கும் உதவாது, 0.5 விநாடிக்குக் குறையுங்கள். அதுவும் முழுப் படத்தைத் தராது. 20 மில்லிவிநாடி எடுக்கும் ஒரு குவெரி நிமிடத்துக்கு ஐயாயிரம் முறை ஓடினால், சர்வரைப் படுக்க வைப்பது அதுதான், லாகில் அதன் பெயரே இருக்காது. ஆகவே தனி நேரத்தைவிட மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்திப் பார்ப்பது முக்கியம். மைஎஸ்கியூஎல்லில் 'சிஸ்' ஸ்கீமாவில் இருக்கும் ஸ்டேட்மென்ட் அனாலிசிஸ் வியூவும், போஸ்ட்கிரெஸ்ஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற நீட்சியும் இதைத் தரும். பின்னதை இயக்க டேட்டாபேஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும் என்பதால் வேலை நேரத்தில் தொடாதீர்கள்.

கேள்விகளைக் குறைப்பது

ஒரு குவெரியை வேகமாக்குவதைவிட, கேட்காமலே விடுவது மலிவு. போஸ்ட்ஃபிக்ஸுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே இதற்கு மூன்று இடங்களில் கை வைக்கலாம்.

டேட்டாபேஸில் எதை எங்கே தேடுவது என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குச் சொல்லும் மேப்பின் பெயருக்கு முன்னால் 'பிராக்ஸி' என்று சேர்ப்பது முதல் வேலை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு எஸ்எம்டிபிடி புராசஸும் டேட்டாபேஸுக்குத் தனித்தனி இணைப்பைத் திறந்துகொள்ளும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பான புராசஸ் வரம்பு 100. மைஎஸ்கியூஎல் இயல்பாக அனுமதிப்பது 151 இணைப்பு, போஸ்ட்கிரெஸ் 100. டவ்காட்டும் வெப்மெயிலும் சேர்ந்தால் கணக்கு எங்கே போய் முட்டும் என்று தெரிகிறதல்லவா? முட்டும்போது லாகில் 'டெம்பரரி லுக்கப் ஃபெயிலியர்' என்று வரும், அனுப்பியவருக்கு 451 என்ற பதில் போகும், மெயில் சிறிது நேரம் கழித்துத் திரும்ப வரும். பயனர் கண்ணுக்கு இது 'மெயில் அரைமணி தாமதம்' என்றுதான் தெரியும். பிராக்ஸி சேர்த்தால் பல புராசஸ்கள் சில இணைப்புகளைப் பகிர்ந்துகொள்ளும். இணைப்பு வரம்பை 1000 என்று ஏற்றிவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது நோயை மறைக்கிறது, ரேமையும் தின்கிறது.

இரண்டாவது, மேப் கோப்பில் 'டொமைன்' என்ற அமைப்பு. அதில் நம் டொமைன்களைக் குறிப்பிட்டால், வேறு டொமைன் முகவரிகளுக்கு டேட்டாபேஸ் பக்கமே போகாது. உள்ளிருந்து வெளியே போகும் மெயில்களின் பெறுநர் முகவரிகளையும் மாற்று முகவரி டேபிளில் வீணாகத் தேடுவது இதனால் நின்றுவிடும்.

மூன்றாவது டிஎன்எஸ். மைஎஸ்கியூஎல் வேறு எந்திரத்தில் இருந்தால், புது இணைப்பு வரும்போது அந்த ஐபி முகவரிக்கு என்ன பெயர் என்று டிஎன்எஸ்ஸில் தேடும். அந்த டிஎன்எஸ் சர்வர் தடுமாறினால் ஒவ்வொரு இணைப்பும் விநாடிக் கணக்கில் நிற்கும். 'ஸ்கிப் நேம் ரிசால்வ்' என்ற அமைப்பை இயக்கினால் தேடல் நிற்கும். ஆனால் அதற்கு முன் டேட்டாபேஸ் பயனர் உரிமைகளை எந்திரப் பெயருக்குப் பதில் ஐபிக்கு மாற்றியிருக்க வேண்டும். இல்லையென்றால் மெயில் சர்வரே உள்ளே நுழைய முடியாது.

இனி லாகின். டவ்காட் ஒவ்வொரு லாகினுக்கும் இரண்டு குவெரி கேட்கும்: பாஸ்வேர்ட் ஒன்று, பெட்டி இருக்கும் இடம் ஒன்று. பாஸ்வேர்ட் குவெரியிலேயே பெட்டி விவரத்தையும் சேர்த்து வாங்கி, 'ப்ரீஃபெட்ச்' என்ற யூசர்டிபியை (பெட்டி விவரத்தை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் அமைப்பு) முன்னால் வைத்தால் ஒன்றே போதும். பழைய யூசர்டிபி வரியை அழித்துவிடக் கூடாது. மெயில் டெலிவரியின்போது பாஸ்வேர்ட் கேட்கப்படுவதில்லை, அங்கே அந்தக் குவெரிதான் ஒரே வழி. அழித்தால் லாகின் நன்றாக ஓடும், புது மெயில் மட்டும் வராது. இந்தக் குழப்பத்தில் நேரம் போவது அதிகம்.

அடுத்து ஆத் கேஷ், அதாவது லாகின் விவரங்களை டவ்காட் நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி. டவ்காட் 2.3இல் இது இயல்பாக அணைந்தே இருக்கும். அளவை 10 எம்பி என்று கொடுத்தாலே பல ஆயிரம் பயனர்களுக்குப் போதும். கைப்பேசி, மடிக்கணினி, வெப்மெயில் என்று ஒரே ஆள் நாளெல்லாம் உள்ளே வந்து போய்க்கொண்டிருப்பார், அவ்வளவும் டேட்டாபேஸைத் தொடாமல் முடிந்துவிடும். இதில் ஒரு பொறி உண்டு. 'இப்படி ஒரு பயனர் இல்லை' என்ற பதிலையும் டவ்காட் இயல்பாக ஒரு மணி நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். கணக்கை உருவாக்கும் முன்பே யாராவது லாகின் முயன்றிருந்தால், உருவாக்கிய பிறகும் ஒரு மணி நேரம் அவரால் நுழைய முடியாது. எதிர்மறைப் பதிலுக்கான ஆயுளைத் தனியாக ஒரு நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள்.

பாஸ்வேர்ட் ஹாஷ் எவ்வளவு கனமானது என்பதையும் பாருங்கள். பிகிரிப்ட் என்ற ஹாஷ் முறையில் காஸ்ட் என்ற கடின அளவு ஒரு படி ஏறினால் கணக்கிடும் நேரம் இரட்டிப்பாகும். கேஷில் கிடைத்த ஹாஷைச் சரிபார்க்கும் வேலையை டவ்காட் இயல்பாகத் தன் ஒற்றை ஆத் புராசஸிலேயே செய்யும். ஆக கேஷ் இயக்கிய பிறகு லாகின் இன்னும் மெதுவானால் ஆச்சரியப்பட வேண்டாம். ஒரு சிபியூ கோர் மட்டும் நூறு சதவீதத்தில் நிற்கும், டேட்டாபேஸ் சும்மா இருக்கும். சரிபார்ப்பை வொர்க்கர் புராசஸ்களுக்கு மாற்றும் அமைப்பை இயக்கினால் சுமை எல்லா கோர்களுக்கும் பிரியும்.

இன்டெக்ஸ் இருந்தும் பயன்படாத நேரங்கள்

முகவரி ஃபீல்டுக்கு இன்டெக்ஸ் (முழு டேபிளையும் படிக்காமல் தேட உதவும் பட்டியல்) வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இன்டெக்ஸ் இருந்தும் டேட்டாபேஸ் அதை ஒதுக்கிவிட்டு முழு டேபிளையும் வரி வரியாகப் படிப்பதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கிறது. குவெரிக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெய்ன்' போட்டுப் பாருங்கள். மைஎஸ்கியூஎல்லில் டைப் என்ற இடத்தில் 'ஆல்' என்றும், கீ என்ற இடத்தில் 'நல்' என்றும் வந்தால் இன்டெக்ஸ் பயன்படவில்லை.

வழக்கமான குற்றவாளி, குவெரியில் முகவரி ஃபீல்டைச் சுற்றி 'லோயர்' ஃபங்ஷன் போட்டிருப்பது. ஃபீல்டை ஃபங்ஷனுக்குள் வைத்ததும் சாதாரண இன்டெக்ஸ் செல்லாக்காசு. போஸ்ட்ஃபிக்ஸ் தேடும் முன்பே முகவரியைச் சின்ன எழுத்தாக மாற்றித்தான் கொடுக்கிறது. மைஎஸ்கியூஎல்லின் இயல்பான கொலேஷன்களும் (எழுத்துகளை ஒப்பிடும் விதிகள்) பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. ஆகவே அங்கே 'லோயர்' தேவையே இல்லை, எடுத்துவிடலாம். போஸ்ட்கிரெஸ் வேறுபாடு பார்க்கும். அங்கே சேமிக்கும்போதே சின்ன எழுத்தாக மாற்றிவிடுங்கள், அல்லது 'லோயர்' போட்ட வடிவத்துக்கே ஓர் இன்டெக்ஸ் கட்டுங்கள்.

இரண்டு டேபிள்களை இணைக்கும் குவெரியில் ஒன்று பழைய யூடிஎஃப்8 எழுத்துத்தொகுதியிலும் மற்றொன்று யூடிஎஃப்8எம்பி4இலும் இருந்தாலும் இதே கதை நடக்கலாம். பல ஆண்டுகளாக அப்கிரேட் ஆகி வந்த சர்வர்களில் இந்தக் கலவை சாதாரணம்.

இரண்டாம் வகை சர்வரில் எண்ணிக்கை கேட்கும் குவெரிகள் கவனிக்க வேண்டியவை. மெயில் கிளையண்ட் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் மொத்த மெயில் எத்தனை, படிக்காதது எத்தனை என்று அடிக்கடி கேட்கும். மைஎஸ்கியூஎல்லில் டேட்டாவைச் சேமிக்கும் பகுதியான இன்னோடிபி ஒரு டேபிளில் எத்தனை வரிசை என்பதை எழுதி வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறையும் எண்ணித்தான் சொல்லும். ஃபோல்டர் எண், மெயிலின் நிலை, படித்த குறி ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரே இன்டெக்ஸ் கட்டினால், டேபிளைத் தொடாமல் இன்டெக்ஸிலேயே எண்ணி முடித்துவிடும். ஐம்பதாயிரம் மெயில் உள்ள இன்பாக்ஸில் வித்தியாசம் உடனே தெரியும்.

போஸ்ட்கிரெஸ்ஸில் இதே இன்டெக்ஸ் இன்னொரு பக்கம் கடிக்கும். அங்கே ஒரு மெயிலைப் படித்ததாகக் குறித்தாலே அந்த வரிசையின் புதுப் பிரதி ஒன்று எழுதப்படும், பழையது செத்த வரிசையாகக் கிடக்கும். மாறிய ஃபீல்டு எந்த இன்டெக்ஸிலும் இல்லாமலும் பக்கத்தில் இடம் மிச்சமும் இருந்தால் இன்டெக்ஸ்களைத் தொடாமலே வேலை முடியும். படித்த குறியை இன்டெக்ஸில் சேர்த்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். படிப்பது அதிகமா, குறி மாறுவது அதிகமா என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ரேம்

டேட்டாவை ரேமில் வைத்துக்கொள்ளும் இடத்துக்கு மைஎஸ்கியூஎல்லில் இன்னோடிபி பஃபர் பூல், போஸ்ட்கிரெஸ்ஸில் ஷேர்டு பஃபர்ஸ் என்று பெயர், இரண்டுக்கும் இயல்பு அளவு 128 எம்பி. முதல் வகை சர்வருக்கு இதுவே தாராளம். இரண்டாம் வகைக்குப் போதாது. டேட்டாபேஸுக்கென்றே தனி எந்திரம் இருந்தால் பஃபர் பூலுக்கு மொத்த ரேமில் 70 சதவீதம் வரை தரலாம். போஸ்ட்கிரெஸ்ஸுக்கு 25 சதவீதத்திலிருந்து தொடங்குவது வழக்கம், மிச்சத்தை இயங்குதளத்தின் கேஷ் பயன்படுத்திக்கொள்ளும். மெயில் சர்வரும் அதே எந்திரத்தில் ஓடினால் இந்தக் கணக்கு செல்லாது. வைரஸ் சோதிக்கும் கிளாம்ஏவி மட்டுமே ஒரு ஜிபிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். 8 ஜிபி எந்திரத்தில் பஃபர் பூலுக்கு 3 ஜிபிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. ரேம் போதாமல் டிஸ்கை ரேம்போலப் பயன்படுத்தும் ஸ்வாப் தொடங்கிவிட்டால் எந்தச் சீரமைப்பும் காப்பாற்றாது.

எல்லா மெயில்களும் ரேமில் அடங்க வேண்டும் என்று நினைத்து மலைக்க வேண்டாம். மெயில் பட்டியல், குறிகள், தலைப்பு வரிகள், அவற்றின் இன்டெக்ஸ்கள் அடங்கினால் போதும். இணைப்புக் கோப்பை ஆள் கிளிக் செய்யும்போது டிஸ்கிலிருந்து எடுத்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

டிஸ்க், அதோடு தொடக் கூடாத ஒன்று

ஒரு மாற்றத்தை நிலையாகப் பதிந்து முடிக்கும் ஒவ்வொரு கமிட்டும் டிஸ்கில் நிஜமாக எழுதப்பட்டதா என்று டேட்டாபேஸ் உறுதி செய்துகொள்ளும். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் ஹார்ட் டிஸ்க், விநாடிக்கு 120 சுற்றுதான் சுற்றும். ஆக, ஒன்றன்பின் ஒன்றாக வரும் கமிட்கள் விநாடிக்கு நூற்றுச் சொச்சத்தைத் தாண்டாது. சிபியூவும் ரேமும் சும்மா இருக்க, மெயில் டெலிவரி மட்டும் நொண்டினால் பெரும்பாலும் இதுதான். மின்தடைப் பாதுகாப்புள்ள எஸ்எஸ்டி இதைத் தீர்க்கும். வீட்டுக் கணினிக்கான மலிவு எஸ்எஸ்டிகளில் அந்தப் பாதுகாப்பு இருக்காது, இந்த உறுதிப்படுத்தல் அவற்றில் எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே நடக்கும்.

இங்கேதான் ஒரு குறுக்குவழி எல்லோர் கண்ணிலும் படும். 'இன்னோடிபி ஃப்ளஷ் லாக் அட் டிஆர்எக்ஸ் கமிட்' என்ற அமைப்பை 1இலிருந்து 2க்கு மாற்றினால், டிஸ்கில் உறுதிப்படுத்துவது ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறைதான் நடக்கும். வேகம் பல மடங்கு ஏறும். கணக்கு விவரம் மட்டும் உள்ள முதல் வகையில் இதனால் நட்டம் எதுவும் பெரிதாக இல்லை, ஆனால் அங்கே எழுதுவதே குறைவு என்பதால் லாபமும் இல்லை. மெயில் முழுவதும் டேட்டாபேஸில் இருக்கும் இரண்டாம் வகையில் இதைச் செய்யாதீர்கள். டிபிமெயில் 'பெற்றுக்கொண்டேன்' என்று 250 பதில் சொன்ன உடனே போஸ்ட்ஃபிக்ஸ் தன் க்யூவிலிருந்து அந்த மெயிலை அழித்துவிடும். அந்த ஒரு விநாடிக்குள் மின்சாரம் போனால் மெயில் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. அனுப்பியவருக்கு அது போய்ச்சேர்ந்துவிட்டது, பெறுபவருக்கு வரவே இல்லை. லாகிலோ எல்லாம் சரி என்றிருக்கும். போஸ்ட்கிரெஸ்ஸில் 'சிங்க்ரனஸ் கமிட்'டை அணைப்பதும் இதே ரகம்தான்.

பெரிய இணைப்புகள் வேறு விதத்தில் அடைப்பை உண்டாக்கும். மெயிலில் அனுப்புவதற்காகக் கோப்பை எழுத்துகளாக்கும் பேஸ்64இல் மாற்றும்போது 25 எம்பி கோப்பு ஏறக்குறைய 34 எம்பி ஆகும். ஒரே தடவையில் ஏற்கும் டேட்டாவின் வரம்பான 'மேக்ஸ் அலௌட் பாக்கெட்' மைஎஸ்கியூஎல் 5.7இல் இயல்பாக 4 எம்பி, 8.0இல் 64 எம்பி. வரம்பை மீறும் இன்சர்ட் தோற்கும், அந்தத் தோல்வி தற்காலிகமானது என்று போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பதில் போனால் அது இயல்பாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும். இப்படி நாலைந்து மெயில் சேர்ந்தால் டெலிவரி புராசஸ்கள் அவற்றிலேயே உழன்றுகொண்டிருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் மெயில் அளவு வரம்பை எப்போதும் டேட்டாபேஸின் பாக்கெட் வரம்புக்குக் கீழே வைக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் 5.6, 5.7 ஓட்டுபவர்கள் மாற்றங்களை முதலில் பதியும் ரீடூ லாகின் மொத்த அளவையும் சேமிக்கும் மிகப் பெரிய துண்டைப் போலப் பத்து மடங்காவது வைக்க வேண்டும்.

அழித்த மெயில் எங்கே போகிறது

டிபிமெயிலில் பயனர் அழித்த மெயில் உடனே போவதில்லை. டிபிமெயில் யூட்டில் என்ற கருவிதான் அதை நீக்கும், அதுவும் இரண்டு கட்டமாக: ஒரு கட்டம் நீக்கவேண்டியவை என்று குறி வைக்கும், மற்றது குறி வைத்தவற்றை அழிக்கும். இரவில் தினமும் ஓடும்படி கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கருவி) போட வேண்டும். மாதக்கணக்கில் விட்டுவிட்டு ஒரே மூச்சில் ஓட்டினால், லட்சக்கணக்கான வரிசைகளை அழிக்கும் பாரத்தில் டெலிவரி நின்றுபோகும்.

அழித்த பிறகும் டிஸ்கில் இடம் கூடவில்லையே என்று கேட்பார்கள். இன்னோடிபி அந்த இடத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு புது மெயிலுக்குப் பயன்படுத்தும், அதில் தவறில்லை. 'ஆப்டிமைஸ் டேபிள்' ஓட்டினால் இடம் திரும்பும், ஆனால் டேபிளை முழுவதும் புதிதாக எழுதும் என்பதால் கிட்டத்தட்ட அதே அளவு காலி இடம் முதலில் வேண்டும். டிஸ்க் நிரம்பிய பிறகு இதை நினைத்துப் பயனில்லை.

போஸ்ட்கிரெஸ்ஸில் செத்த வரிசைகளை 'ஆட்டோவேக்கும்' என்ற பின்னணி வேலை சுத்தம் செய்யும். டேபிளில் 20 சதவீதம் செத்த பிறகுதான் அது எழுந்திருக்கும் என்பது இயல்பு அமைப்பு. ஒரு கோடி வரிசை உள்ள மெயில் டேபிளில் அது 20 லட்சம் செத்த வரிசை. அந்த டேபிளுக்கு மட்டும் 0.02, அதாவது 2 சதவீதம், என்று தனியாகக் குறையுங்கள். 'வேக்கும் ஃபுல்' என்பதைப் பகலில் ஓட்டவே கூடாது, முடியும்வரை டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது.

தேடல்

மெயில் உடலுக்குள் ஒரு சொல்லைத் தேடுவதுதான் இருப்பதிலேயே விலை கூடிய குவெரி. முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்ட 'லைக்' தேடலுக்கு எந்தச் சாதாரண இன்டெக்ஸும் உதவாது, எல்லா மெயிலையும் திறந்து படிக்க வேண்டியதுதான். தமிழில் எழுதிய மெயில்களுக்கு அதுவும் வீண். அவை பெரும்பாலும் பேஸ்64 அல்லது கோட்டட் பிரின்டபிள் வடிவில் சேமிப்பாகியிருக்கும் என்பதால், அந்த வடிவத்தைப் பிரிக்காமல் தேடினால் சொல் இருந்தும் கிடைக்காது. டவ்காட் ஓட்டுபவர்கள் ஃப்ளாட்கர்வ் அல்லது சோலார் கொண்டு முழுஉரைத் தேடல் இன்டெக்ஸ் ஒன்றைத் தனியாகக் கட்டிக்கொள்ளலாம், அது வடிவத்தைப் பிரித்துத்தான் சொற்களைச் சேர்க்கும். மெயில் டேட்டாபேஸுக்குள் இருப்பவர்களுக்கு எளிய வழி, கிளையண்டில் மெயில்களின் உள்ளூர்ப் பிரதியை வைத்துக்கொண்டு அங்கேயே தேடச் சொல்வது. வெப்மெயிலில் 'உடலிலும் தேடு' என்ற தேர்வு முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள்.